கேட்பாரற்றுக் கிடக்கும் மோட்டார் படகைக் கூட்டாளியோடு சேர்ந்து தேற்றுவது எப்படி: பினாங்கு வெயில், மழைக்கு ஏற்ற முழு வழிகாட்டி

பினாங்கில் பழைய படகுக்குப் பஞ்சமே இல்லை. பத்து மவுங், தெலுக் கும்பார், தெலுக் பஹாங், பெருநிலத்துப் பக்கம் வந்தால் புக்கிட் தம்புன், கோலா மூடா, எங்கே சுற்றினாலும் யாரோ ஒருவர் வீட்டுக்குப் பின்னால் வாழைமரத்தடியில், துருப்பிடித்த டிரெய்லர் மேல், 17, 18 அடி ஃபைபர் படகு ஒன்று மூடாமல் கிடக்கும். "எடுத்துட்டுப் போங்க தம்பி, இஞ்சின் நல்லாத்தான் ஓடுச்சு" என்பார் விற்பவர். எப்போது ஓடியது என்று கேட்டால்தான் பதில் வராது.

இப்படிக் கிடக்கும் படகைக் கடல் கெடுத்திருக்காது, மழைதான் கெடுத்திருக்கும். மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்கு உப்புத் தண்ணீர் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது, நல்ல தண்ணீர் தேங்கினால் அதற்குக் கொண்டாட்டம். ஃபைபர் படகு என்று பெயரே தவிர, இஞ்சின் தொங்குகிற டிரான்சம் எனும் பின்சுவர், தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு கட்டைகள், தரைப்பலகை, இந்த மூன்றிலும் பழைய படகுகளில் பெரும்பாலும் பிளைவுட்டோ மரமோதான் இருக்கும். மேலே கண்ணாடி நாரும், இறுகிக் கெட்டியாகும் ரெசின் எனும் பிசினும் போர்த்தியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே மழை எந்த ஓட்டை வழியாக உள்ளே போனது, எங்கே தங்கியது, அதை வெளியேற்றி மறுபடி வராமல் எப்படி அடைப்பது என்று பார்த்தால் முக்கால்வாசி வேலை அதிலேயே அடங்கிவிடும். பெயிண்ட், ஸ்டிக்கர், ஸ்பீக்கர் பேச்சை ஆறப்போடுங்கள்.

கூட்டாளியோடு முதல் பேச்சு

இது ஒற்றை ஆள் செய்ய முடியாத வேலை இல்லை, ஆனால் சில கட்டங்களில் நான்கு கை கட்டாயம் வேண்டும். பின்சுவர் போல்ட்டின் தலையை ஒருவர் வெளியே நின்று பிடித்தால்தான் இன்னொருவர் உள்ளே குனிந்து நட்டை முடுக்க முடியும். ரெசின் போடும்போது ஒருவர் கலக்க, ஒருவர் தடவ வேண்டும். டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னால் விடும்போது கை காட்ட ஓர் ஆள் வேண்டும். யார் எதில் கெட்டி என்று முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. எங்கள் விஷயத்தில் என் கூட்டாளி லோரி மெக்கானிக் என்பதால் இஞ்சின் அவனுடையது, ஃபைபரும் வயரிங்கும் என்னுடையது, ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை.

காசு விஷயத்தை ஒரு தாளில் எழுதுங்கள். படகு யார் பேரில் இருக்கும், ஒருவர் விலகினால் மற்றவர் அவர் பங்கை எந்தக் கணக்கில் வாங்குவார், எத்தனை வெள்ளிக்கு மேல் போனால் இரண்டு பேரும் சரி சொன்ன பிறகுதான் வாங்குவது, இந்த மூன்று மட்டும் போதும். "நமக்குள்ள எதுக்குடா பேப்பர்" என்று கூட்டாளி சிரிப்பான். கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

இன்னொரு தாளும் இருக்கிறது, அது படகின் தாள். உல்லாசப் படகு கடல்துறை இலாகாவின் கீழ், அதாவது ஜாபாத்தான் லாவுட்டின் கீழ் வரும். தொழில்முறை மீன்பிடிப் படகு மீன்வள இலாகாவின் உரிமத்தில் இருக்கும். நீங்கள் பார்க்கிற படகு எந்தக் கணக்கில் இருந்தது, விற்பவர்தான் உரிமையாளரா, இஞ்சின் நம்பரும் தாளில் உள்ள நம்பரும் ஒன்றா என்று காசு கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். நம்பர் தகட்டைச் சுரண்டி எடுத்த இஞ்சின் என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் பரிசோதனை

பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல், கூர்மையான ஸ்க்ரூ டிரைவர், டார்ச் லைட், நகர்த்தி நகர்த்திப் பார்க்கப் பொறுமை. இவை இருந்தால் போதும்.

பின்சுவரிலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் அங்கேதான் பெரிய செலவு ஒளிந்திருக்கும். சுத்தியலால் ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கெட்டியாகத் திரும்பும், அழுகிய இடத்தில் நன்றாகப் பழுத்த பலாவைத் தட்டினால் வரும் மொத்தையான சத்தம் வரும். அடுத்து, பின்சுவருக்கு வெளியே தொங்கும் அவுட்போர்ட் இஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள், அதே நேரத்தில் கூட்டாளி பின்சுவரின் மேல் விளிம்பைப் பார்க்கட்டும். சுவர் வளைந்து கொடுத்தாலோ, மூலைகளில் மயிரிழை வெடிப்பு திறந்து மூடினாலோ உள்ளே மரம் போய்விட்டது. சந்தேகம் தீரவில்லை என்றால், விற்பவர் சம்மதத்தோடு உள்பக்கமாகத் தாழ்வான இடத்தில் சின்னத் துளை ஒன்று போட்டுப் பாருங்கள். துரப்பணத்தில் வரும் தூள் வெளிறி, காய்ந்து, உதிரியாக வந்தால் நிம்மதி. பழுப்பாக, ஈரமாக, கசக்கினால் விரலில் ஒட்டுகிற மாதிரி வந்தால் பின்சுவரை மாற்றியே ஆக வேண்டும், விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

தரையில் வெறுங்காலோடு நடங்கள். குதிகாலுக்குக் கீழே எங்கெல்லாம் அமுங்குகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். தரைக்கு அடியில் மிதப்புக்காக நுரை நிரப்பிய படகு என்றால் இன்னும் கவனம், பழைய நுரை தண்ணீரைக் குடித்துவிட்டு விடவே விடாது. ஒரு கன அடி என்பது 28 லிட்டர், முழுசாக நனைந்தால் அந்த ஒரு கன அடி மட்டுமே 28 கிலோ வரை கனக்கும். படகு ஏன் எழும்பி ஓட மாட்டேன் என்கிறது என்று இஞ்சினைத் திட்டுகிறவர்கள் பலர், காரணம் தரைக்கு அடியில் கிடக்கும்.

வெளி அடிப்பகுதியில் கொப்புளம் இருந்தால், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள், காடி மாதிரிப் புளித்த வாடையோடு தண்ணீர் பீறிடும். சின்னதாக நாலைந்து இருந்தால் தேய்த்து அடைத்துவிடலாம், அடிப்பகுதி முழுக்க இருந்தால் வேறு படகு பாருங்கள். வெடித்த கண்ணாடி, கிழிந்த சீட், மங்கிப்போன நிறம் இதெல்லாம் பேரம் பேச உதவும், பயப்பட வேண்டாம்.

காயவைத்தல்

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முன்பக்கத்தை உயர்த்தி, அடியில் உள்ள, தண்ணீர் வடியும் துளையை மூடும் டிரெயின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மேலே தார்ப்பாய் போடும்போது படகைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் உள்ளே புழுங்கி, பூஞ்சைக்குத்தான் வசதி. நடுவில் கட்டை வைத்துக் கூரை மாதிரி உயர்த்தி, இரண்டு முனையும் திறந்திருக்க, ஒரு முனையில் மின்விசிறி வைத்துவிடுங்கள்.

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் மழை குறைவு; செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். தண்ணீர்மலைக்குக் காவடி போகிற தைப்பூச சமயம்தான் ஃபைபர் வேலைக்கும் நல்ல காலம். மழை மாதங்களை இஞ்சினுக்கும் வயரிங்குக்கும் ஒதுக்கிவிடலாம், அவற்றைப் போர்ட்டிகோவில் வைத்தே செய்யலாம்.

காய்ந்ததா என்று பார்க்க ஓர் எளிய வழி: ஓர் அடி அகலத் தெளிவான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பின்சுவரை மாற்றுதல்

இதுதான் இருப்பதிலேயே அழுக்கான வேலை. முதலில் இஞ்சினை இறக்குங்கள், தூக்கும் செயின் பிளாக் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், 40 குதிரைச் சக்தி இஞ்சினைக் கையால் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இறக்கும் முன் பின்சுவரின் உயரத்தையும் கனத்தையும் அளந்து எழுதி வையுங்கள். ஷார்ட் ஷாஃப்ட் இஞ்சினுக்கு ஏறத்தாழ 15 அங்குலம், லாங் ஷாஃப்ட்டுக்கு 20 அங்குலம், புதிய சுவர் அதே உயரத்தில் நிற்க வேண்டும். உயரம் மாறினால் ப்ரொபெல்லர் காற்றைப் பிடிக்கும், அல்லது தேவையில்லாமல் ஆழமாக இழுபடும்.

கிரைண்டரால் உள்பக்கத் தோலை மட்டும், ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டி எடுங்கள். வெளித்தோல் அப்படியே இருக்கட்டும், அதுதான் உங்களுக்கு அச்சு. அழுகிய மரம் பாதி கையோடு வந்துவிடும், மீதியை உளியால் சுரண்ட வேண்டும். அப்புறம் 40 நம்பர் சாண்ட்பேப்பரால் வெளுத்த நார் தெரிகிற வரை தேயுங்கள். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தூளையும் ரசாயன வாயுவையும் வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த முகக்கவசம் இவை இல்லாமல் தொடங்காதீர்கள், மருந்துக்கடையில் வாங்கும் முகமூடி இந்தத் தூளுக்கும் வாடைக்கும் ஆகாது. நார்த்தூள் கழுத்திலும் மணிக்கட்டிலும் அரித்தால் சூடு தண்ணீரில் குளிக்காதீர்கள், பச்சைத் தண்ணீரில் குளியுங்கள்.

பலகைக்கு மரைன் பிளைவுட்தான், சாதாரணக் கட்டடப் பிளைவுட் வேண்டாம். இரண்டு 18 மில்லிமீட்டர் பலகையை ஒன்றாக ஒட்டினால் 36 வரும், பழைய கனத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா முகத்துக்கும், முக்கியமாக வெட்டிய ஓரங்களுக்கு, ரெசின் குடிக்கக் குடிக்கக் கொடுங்கள். அப்புறம் நறுக்கிய நார் கலந்து கெட்டியாக்கிய ரெசினை வெளித்தோலின் உள்பக்கம் முழுக்க அப்பி, பலகையை வைத்து அழுத்தி, இடைவெளி எதுவும் இல்லாமல் ஓரத்தில் ரெசின் பிதுங்கி வருகிற வரை கட்டையும் போல்ட்டும் போட்டு இறுக்குங்கள். காய்ந்த பிறகு மூலைகளை அதே கெட்டி ரெசினால் வளைவாக நிரப்பி, சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் எனும் நறுக்கிய நார் விரிப்பு, 600 கிராம் நெய்த நார் என்று மாற்றி மாற்றிப் படுக்கை போடுங்கள். ஒவ்வொரு படுக்கையும் பக்கச் சுவர் மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஏற வேண்டும். உருளையால் அழுத்தும்போது வெள்ளையாகத் தெரிகிற இடமெல்லாம் காற்று, அது மறைந்து அடியில் உள்ளது தெரிகிற வரை உருட்டுங்கள்.

நம் ஊர் வெயிலில் ரெசினைக் கலப்பதும் ஒரு வித்தை. பாலியெஸ்டர் ரெசினுக்கு அதை இறுகவைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 சதவிகிதம். ஒரு கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் என்பது கிட்டத்தட்ட 1 சதவிகிதம், நண்பகல் 32 டிகிரியில் அதற்கு மேல் போகாதீர்கள், பாதி தடவுவதற்குள் டப்பாவிலேயே பாகு கட்டிவிடும். சீக்கிரம் காயட்டும் என்று அதிகம் ஊற்றினாலும் கெடுதல், மெதுவாகக் காயட்டும் என்று 1 சதவிகிதத்துக்குக் கீழே குறைத்தாலும் கடைசிவரை இறுகாது. காலை எட்டு மணிக்குள் ஆரம்பித்து, அரைக்கிலோ அரைக்கிலோவாகக் கலப்பதே நிம்மதி. இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் கலக்காத ரெசின் வாங்கியிருந்தால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் ஹார்டனர். இரண்டையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும், இதில் விளையாட்டே கூடாது. ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. மீதமான ரெசின் டப்பா தானாகக் கொதித்துப் புகையும், அதை அசிட்டோன் டின் பக்கத்தில் வைக்காமல் வெட்டவெளியில் மணல் மேல் வையுங்கள்.

இஞ்சின் போல்ட் துளைகளில்தான் மழை முதலில் நுழைந்திருக்கும். ஆகவே துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, கெட்டியாக்கிய எபோக்சியால் அடைத்து, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். இனிமேல் சீலன்ட் தோற்றாலும் தண்ணீருக்கு மரம் எட்டாது. போல்ட் 316 ஸ்டெயின்லெஸ், சீலன்ட் பாலியுரேத்தேன். சிலிக்கான் வேண்டவே வேண்டாம், ஒரு தடவை பட்ட இடத்தில் அப்புறம் பெயிண்ட்டும் பிடிக்காது, வேறு எதுவும் பிடிக்காது.

தரைக்கும் இதே வைத்தியம்தான். ஈரம் கோத்த நுரையை முழுக்கத் தோண்டி எடுங்கள், கட்டைகளைத் தட்டிப் பாருங்கள், புதுப் பலகையின் அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்குச் சமமாக ரெசின் கொடுங்கள். பழைய தரைகளைப் பிரித்துப் பார்த்தால் அடிப்பக்கம் பச்சையாக, ஒரு கோட் கூட இல்லாமல் இருக்கும், அழுகல் அங்கேதான் தொடங்கியிருக்கும்.

இஞ்சின்

இங்கே மீனவர்கள் கையில் அதிகம் புழங்குவது டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட், 40 குதிரைச் சக்தி யமஹா என்றால் உதிரிப்பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. வந்ததும் சாவியைத் திருகி ஓட்டிப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். தண்ணீர் இல்லாமல் சில நொடி ஓடினாலே வாட்டர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் கருகத் தொடங்கும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் தெளித்து, ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் அடுத்து கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைப் பாருங்கள். எண் எவ்வளவு என்பதை விட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவிகிதத்துக்குள் இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று 120, பக்கத்தில் உள்ளது 80 என்றால் உள்ளே பிரித்தாக வேண்டும்.

கியர் ஆயிலில் இஞ்சினின் மொத்த ஜாதகமும் தெரியும். அடித்திருகைக் கழற்றும்போது முதலில் தண்ணீர் வந்தாலோ, ஆயில் பால்காப்பி நிறத்தில் வந்தாலோ சீல் போய்விட்டது. ப்ரொபெல்லரைக் கழற்றினால் காரணம் பெரும்பாலும் கையோடு கிடைக்கும்: தூண்டில் நரம்பு ஷாஃப்ட்டில் சுற்றி உருகி சீலுக்குள் இறங்கியிருக்கும், பினாங்குப் பாலத்தூண்களைச் சுற்றி எத்தனை பேர் தூண்டில் போடுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் குமிழி இல்லாமல் வழிகிற வரை ஏற்றுங்கள். முதலில் மேல்திருகை மூடி, அப்புறம் பம்ப்பை எடுத்து, கீழ்த்திருகைச் சட்டென்று மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும்.

இம்பெல்லர், தெர்மோஸ்டாட், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் குழாய், கைப்பம்ப் இவற்றைப் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் கொட்டுங்கள். ஆயில் கலந்து ஊற்றும் வகை என்றால் இஞ்சின் கையேடு சொல்கிற விகிதம், 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர், டி.சி.டபிள்யூ.3 என்று போட்ட மரைன் ஆயில். மோட்டார் சைக்கிள் டூ ஸ்ட்ரோக் ஆயில் மலிவு என்று ஊற்றாதீர்கள், அது காற்றில் குளிரும் இஞ்சினுக்குச் செய்தது. இஞ்சினை உப்பு அரிக்காமல் தாம் அரிபட்டுக் காக்கும் உலோகத் துண்டுகளான அனோடுகள் பாதி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், அழகுக்காக அவற்றின் மேல் பெயிண்ட் அடித்தால் வேலை செய்யாது. அப்புறம் தண்ணீர்க் குழாயைக் காதுமூடி மாதிரி மாட்டும் ஃப்ளஷரில் இணைத்து, தண்ணீரைத் திறந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் தாரையாக வர வேண்டும், வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

வயரிங், டிரெய்லர், கடைசியில் பெயிண்ட்

பழைய வயரைத் திருத்துவதில் நேரம் போக்காமல் முழுக்க உருவிவிட்டு, வெள்ளீயம் பூசிய மரைன் வயர் போடுங்கள், சாதாரணச் செம்பு நம் கடல் காற்றில் தோலுக்குள்ளேயே கறுத்துவிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்பின் மிதவை சுவிட்ச்சை மெயின் சுவிட்ச்சைத் தாண்டி, தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரிக்குக் கொடுங்கள், படகு ஜெட்டியில் தனியாக நிற்கிற இரவில் மழை பெய்தாலும் அது தானாக இறைக்கும். இடதுபக்கம் சிவப்பு விளக்கு, வலதுபக்கம் பச்சை, மேலே வெள்ளை.

டிரெய்லரின் சக்கர பேரிங்கைக் கட்டாயம் பிரித்து கிரீஸ் போடுங்கள், படகு நன்றாக இருந்து பாலத்தின் நடுவில் சக்கரம் பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

டிரெய்லரிலேயே வைத்திருக்கும் படகுக்கு, சிப்பி, பாசி ஒட்டாமல் தடுக்கும் ஆன்ட்டிஃபவுலிங் பெயிண்ட் தேவையில்லை. ஜெட்டியில் கட்டி வைப்பதாக இருந்தால் தேவை, இந்த வெதுவெதுப்பான தண்ணீரில் சிப்பி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பழைய ஆன்ட்டிஃபவுலிங்கை உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் விஷம், தண்ணீர் விட்டுத் தேயுங்கள். மேல்பகுதிக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் 600, 800, 1000, 1500 என்று ஈரச் சாண்ட்பேப்பர் போட்டு, காம்பவுண்டும் மெழுகும் கொடுத்துப் பாருங்கள். பல நேரம் ஃபைபரின் மேல்பூச்சான பழைய ஜெல்கோட்டே பளபளவென்று வந்துவிடும், காசும் மிச்சம்.

தண்ணீரில் இறக்குதல்

அலை அட்டவணை பார்த்து, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது இறக்குங்கள். நம் பக்கம் வற்றினால் சேறுதான். ஏறும் தண்ணீரில் தட்டினால் கொஞ்சம் காத்திருந்தால் தானாக மிதக்கும், வற்றும் தண்ணீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே உட்கார வேண்டியதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடிகாலை சுமாத்ரா புயல்காற்று திடீரென்று அடிக்கும், மேற்கே கறுத்தால் புறப்படாதீர்கள்.

முதலில் டிரெய்லர் பட்டையை அவிழ்க்காமல் மிதக்கவிட்டு, தரைமூடியைத் திறந்து கால் மணி நேரம் கசிவு பாருங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான், துடுப்பு, சார்ஜ் உள்ள போன், இருந்தால் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல் வைத்த ரேடியோ. பெட்ரோல் டேங்கைப் படகில் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள், அதன் ஆவி காற்றை விடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் இஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச்சின் கயிற்றைக் கையில் மாட்டட்டும்.

பூலாவ் ஜெரெஜாக் தீவின் ஓரமாக, கப்பல் வழியைவிட்டு ஒதுங்கி, மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் முழு வேகம். அப்போது இஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை கையேட்டில் சொன்ன வரம்புக்குள் வர வேண்டும். குறைவாக இருந்தால் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் கணக்குத் தூரம், குறைந்த ப்ரொபெல்லர் போடுங்கள், ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் உட்கார்ந்து புதுப் பின்சுவரின் மூலைகளைப் பார்த்துக்கொண்டே வரட்டும், ஏதாவது அசைந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

கரை சேர்ந்ததும் இஞ்சினை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவி, அதன் அடிக்காலை நேராக இறக்கி வைத்துத் தண்ணீர் வடியவிடுங்கள். படகின் முன்பக்கத்தை உயர்த்தி, டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிளக்கை இஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டால் அடுத்த தடவை பிளக் இல்லாமல் இறக்க முடியாது.